காட்டுக்கும் கேமராவுக்கும் வாழ்நாளைக் கொடுக்கலாமா? கொங்குப் பகுதி நண்பர்கள் சொல்லுங்கள்

பல்லடத்தான் எழுதியது:

வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். ஞாயிறு விடிந்தால் நஞ்சராயன் குளத்தங்கரைக்குப் போய்விடுவேன். 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த குளம் அது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும்போது, மறுநாள் ஷிப்மென்ட் இருப்பதே மறந்துபோகிறது.

வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகக் காடு, கேமரா என்று வாழ்ந்துவிடலாமா? இதே யோசனையில் பல மாதங்களாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா, பெண் பார்க்கிற நேரத்தில் இதென்ன பேச்சு என்று கண் கலங்குகிறார்.

இந்த வழியில் பல காலம் நடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இது சோறு போடுமா? எங்கே தொடங்க வேண்டும்? வடநாட்டுப் புலிக் காடுகளுக்கெல்லாம் போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டுமா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

உடுமலை ஸ்டுடியோ எழுதியது:

தம்பி, வேலையை விடாதீர்கள். காட்டுயிர்ப் படங்களை மட்டும் விற்றுக் குடும்பம் நடத்துகிற ஒருவரையும் எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பத்திரிகைகள் தரும் சன்மானம் பெட்ரோலுக்கே காணாது. 600 மி.மீ. பிரைம் லென்ஸ் புதிதாக வாங்கினால் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். கடன் வாங்கி அதை எடுத்தவர்கள், தவணை கட்டுவதற்காகவே சுற்றுலாக் குழுக்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அலைவதைப் பார்க்கிறேன். நின்று ஒரு மரத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

என் பிழைப்பு கல்யாணப் படம். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் இரவு பகல் தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அந்த மாதங்கள் எனக்குச் சொந்தம். மார்கழிக் குளிரில் அமராவதி அணையோரம் முதலைகள் வெயில் காயக் கரையேறிக் கிடக்கும். அந்த வெயிலுக்கு நிகரான வெளிச்சம் எந்த மண்டபத்திலும் கிடையாது. ஆடியில் மலைக்கு மேலே மழை. அப்போது கருவியை ஈரம் புகாத உலர்பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன்.

கருவி வேண்டுமானால் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று போதும். பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் உலர்பெட்டி கட்டாயம் வாங்குங்கள். வால்பாறை ஈரத்தில் ஒரு பருவம் பையிலேயே கிடந்தால் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும்.

மோயாற்றங்கரை எழுதியது:

ஸ்டுடியோக்காரர் சொன்ன கணக்கு சரி. ஆனால் வாழ்நாளைக் கொடுப்பது என்ற பேச்சு, வேலையை விடுவதா வேண்டாமா என்பதோடு முடிந்துவிடுவதில்லை.

நான் பவானிசாகர் பக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு சுருளில் 36 படம்தான் என்றிருந்த ஃபிலிம் காலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் படமெடுக்கத் தொடங்கினேன். இன்றும் அதே பள்ளத்தாக்குதான். ராஜஸ்தானில் இருக்கும் ரணதம்பூர்ப் புலிக்காட்டுக்கு நான் போனதில்லை. போகவில்லையே என்ற குறையும் இல்லை.

ஏன் ஒரே இடம் என்று கேட்பீர்கள். பாறுகளை வைத்துச் சொல்கிறேன். பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் சொல்வோமே, அவைதான். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நான்கு வகையும் மோயாற்றுப் பக்கம் உண்டு. நான் இளைஞனாக இருந்தபோது செத்த மாட்டைச் சுற்றி அவை நெருக்கியடித்து உட்காரும். அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றாது, அவ்வளவு சாதாரணம். பிறகு 1990களில் நாடு முழுவதும் விழத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. மாட்டுக்கு வலி தணிக்கப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்பது 2004இல் தெரிந்தது. மருந்தேறிய மாடு செத்தால் அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, சில நாளில் பறவை செத்துவிடும். 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் அவற்றுக்கும் 2015இல் தடை வந்தது. அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023இல் தடையாயின.

இந்தக் காலம் முழுவதும் ஆற்றோர நீர்மருது மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த மரத்தில் கூடு, எந்த மாதம் உட்கார்ந்தது, குஞ்சு பறந்ததா என்று ஒவ்வொரு படத்தோடும் நோட்டில் எழுதி வைத்தேன். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அது தவறினால் அந்த ஆண்டு போனதுதான். என் படங்களில் பாதிக்கு மேல் கலையழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. மங்கலான உச்சிக்கிளை, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆனால் தேதியும் மரமும் எழுதியிருப்பதால் ஆராய்ச்சி மாணவர்கள் வந்து உட்கார்ந்து நகலெடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கோ ஒரு முறை போய் எடுத்த புலிப் படத்துக்கு இந்தப் பயன் வராது. ஒரு நிலத்தோடு ஒருவன் கிழவனாவதில்தான் இந்தக் கலையின் பெறுமதி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவருடைய கருவி, வேறு வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே பொருத்திச் செய்துகொண்டது. பத்மஸ்ரீ விருது 1970இல் வந்தது. பார்ப்பதும் எழுதுவதும் படமெடுப்பதும் அவருக்கு ஒரே வேலை. உங்களிடம் கேமரா இருக்கிறது, ஒரு நல்ல குளம் இருக்கிறது. நோட்டு இருக்கிறதா?

சிறுவாணிச் சாரல் எழுதியது:

பெரியவர் மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும். உச்சிக்கிளையில் கறுப்புப் புள்ளியைக் காட்டினால் எந்தப் பையனுக்குக் காட்டின் மேல் ஆசை வரும்? எனக்கு ஆசை வந்ததே காலண்டரில் பார்த்த ஒரு யானைப் படத்தால்தான். கிட்டத்தில், கண்ணோடு கண் பார்க்கிற மாதிரி, வெளிச்சம் சரியாக விழுந்த படம். அப்படி ஒன்று ஆயிரம் பேரைக் காட்டின் பக்கம் திருப்பும். அழகு இந்தக் கலையின் உயிர். அதைத் துணைக்கு வைத்துக்கொள்வதாகப் பேச வேண்டாம்.

அதற்கு அலைய வேண்டும், காத்திருக்க வேண்டும், கூட்டருகில் மறைவிடம் கட்டி உட்காரவும் வேண்டும். வால்பாறைப் பக்கம் மலை இருவாட்சி கூட்டுக்கு உணவு கொண்டுவரும் காட்சியை எடுக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. மரம் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொன்னால் உதவியாக இருக்கும்.

மானாம்பள்ளி அடிவாரம் எழுதியது:

சொல்ல மாட்டேன். பொதுவிலும் சொல்ல மாட்டேன், தனியாகவும் சொல்ல மாட்டேன்.

வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவன் நான். இருவாட்சிக் கூடு எப்படி என்று நண்பருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தை வைத்தே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். உள்ளே இறகை உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் அதனால் பறக்க முடியாது. வெளியே இருக்கிற ஆண் தொண்டைப்பைக்குள் அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீறல் வழியே ஊட்டும். மரத்தடியில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஆண் நேராக வராது. எட்டத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். பழம் வாயிலேயே இருக்கும். நாம் போகும்வரை வராது. நாம் போனதும் அடுத்த வண்டி வந்து நிற்கும். உள்ளே இருக்கிற தாயும் குஞ்சும் அத்தனை நேரமும் பட்டினி.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஆனைமலையில் எந்தப் பெரிய படத்தை எடுத்துப் பார்த்தாலும் அதற்கு முன்னால் அந்த மலைப் பழங்குடிகளில் ஒருவர், ஒரு காடரோ மலசரோ முதுவரோ, நடந்துபோயிருப்பார். யானை எந்த ஓடையில் இருக்கிறது என்று லத்தியைத் தொட்டுச் சூடு பார்த்துச் சொன்னது அவர். காற்று திரும்பியதும் கையைப் பிடித்து இழுத்து உயிரைக் காப்பாற்றியதும் அவர். புத்தகத்தில் கேமராவின் பெயர் இருக்கும், லென்ஸின் பெயர் இருக்கும், வழிகாட்டியவர் பெயர் இருக்காது. டாப்ஸ்லிப்பில் வெள்ளைக்கார வன அதிகாரி ஹியூகோ வுட் துரையின் கல்லறையை எல்லாரும் போய்ப் பார்க்கிறார்கள். வெட்டி அழிந்த தேக்கங்காட்டை மறுபடி தழைக்க விட்டவர், 1933இல் இறந்தார், கும்பிட வேண்டியவர்தான். அந்தக் காட்டை இன்று நடந்து காவல் காப்பவர்களுக்கும் பெயர் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பல்லடத்துத் தம்பிக்கு: அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களில் படமெடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. முறையாக எழுதிக் கேளுங்கள். வால்பாறை எஸ்டேட் பகுதியில் யானை நிற்பதைச் சிவப்பு விளக்காலும் குறுஞ்செய்தியாலும் அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. அது தேயிலைத் தொழிலாளர்களின் உயிருக்காக வைத்தது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள்.

உடுமலை ஸ்டுடியோ எழுதியது:

காவலர் அண்ணன் சொன்னது நெஞ்சில் தைத்தது. பரிசு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துவது உலகத்திலேயே பெயர்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டி. 2009இல் வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்து, அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று முடிவுசெய்து 2010 தொடக்கத்தில் திரும்பப் பெற்றார்கள். 2018இலும் பாடம் செய்த எறும்புத்தின்னியை வைத்து எடுத்தது என்று ஒரு பரிசுப் படத்தை நீக்கினார்கள். கிட்டத்துப் படம் வேண்டும் என்ற வெறி ஒருவரை இந்த எல்லைவரை தள்ளும்.

கொறங்காட்டு மகள் எழுதியது:

எல்லோரும் மலைக்கே போய்விட்டீர்கள். கீழே நாங்களும் இருக்கிறோம்.

மூலனூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை நான். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நான்கைந்து மாடுகள். வெறும் மேய்ச்சல் நிலம் என்று கடந்துபோவார்கள். அதற்குள் கவுதாரி, காடை, வானம்பாடி, இரவில் பக்கி, வேலிக்கடியில் கீரியும் முயலும், குளிர்காலத்தில் தரையை ஒட்டித் தாழப் பறக்கும் பூனைப்பருந்து என்று ஓர் உலகமே இருக்கிறது. பெண் ஒருத்தி விடியற்காலையில் தனியாகக் காப்புக்காட்டுக்குப் போக வீட்டில் விடமாட்டார்கள். கொறங்காட்டுக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். படலை மட்டும் திரும்பச் சாத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடு வெளியே போய்விடும்.

சித்திரை வெயிலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில், சரளைக்கல்லுக்கு நடுவே, நான்கு முட்டை. கூர்முனைகள் உள்ளே பார்க்க, மண்ணிறத்தில் கறுப்புத் தெறிப்போடு கிடக்கும். கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாது. உச்சி வெயிலில் தாய் எழுந்து தொட்டித் தண்ணீருக்குப் போயிற்று. குடிக்கத்தான் போகிறது என்று நினைத்தேன். குடிக்கவில்லை. தண்ணீரில் உட்கார்ந்து வயிற்றை அசைத்து அசைத்து நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடி வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி போயிற்று. முட்டை வெந்துவிடாமல் இருக்கத் தன் வயிற்று ஈரத்தால் குளிர வைக்கிறது. நான் எட்ட, வெள்வேல மர நிழலில், மாடுகளோடு மாடாக உட்கார்ந்திருந்ததால் அதை என்னால் பார்க்க முடிந்தது. கிட்டே போய் நின்றிருந்தால் அது கத்திக்கொண்டே வட்டமடித்திருக்கும், முட்டை வெயிலில் கிடந்திருக்கும்.

சிறுவாணி நண்பரே, அழகு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொட்டும் வயிறு என்னிடம் நல்ல படமாகவே இருக்கிறது. எட்டத்திலிருந்து எடுத்ததுதான்.

இந்த நிலங்கள் இப்போது மனையிடமாகவும் சூரியத் தகட்டுப் பண்ணையாகவும் மாறி வருகின்றன. காப்புக்காடு என்றால் காப்பாற்ற ஒரு சட்டமாவது இருக்கிறது. பட்டா நிலத்துக் கொறங்காட்டை யார் காப்பது? இது போனால் இங்கே என்ன இருந்தது என்று காட்ட ஒரு படமாவது வேண்டும். பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம். இங்கிருந்து தொடங்குங்கள்.

சிறுவாணிச் சாரல் எழுதியது:

டீச்சர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இருவாட்சி மரத்தைக் கேட்டதை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாக் கிட்டத்துப் படத்தையும் குற்றமாகப் பேசுவதை ஏற்க மாட்டேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவில் வரையாடு சாலையோரமாகவே நிற்கிறது. நம்மைக் கண்டு ஓடுவதில்லை. அதைக் கிட்டத்தில் எடுப்பதால் யாருக்கு என்ன கெடுதல்?

மானாம்பள்ளி அடிவாரம் எழுதியது:

வண்டிக்குள் இருந்து எடுத்தால் கெடுதல் இல்லை. இறங்கி, பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிடுகிறவர்கள்தான் சிக்கல். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் சேர்த்தே 1,031 வரையாடுகள்தான். சாலைக்குப் பழகிய ஆடு வண்டியில் அடிபடும். வால்பாறைப் பக்கத்துப் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளுக்கும் இதே கதை. அவை சாலையில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே நின்று வாழைப்பழத்தை நீட்டினால் அந்தப் பாலம் எதற்கு?

பல்லடத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலையை இப்போதைக்கு விடவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நோட்டு இன்று வாங்கிவிட்டேன். அதில் என்னென்ன எழுத வேண்டும் என்று மோயாற்று ஐயா சொன்னால் நல்லது. எடுத்த படத்தை இணையத்தில் போடும்போது இடத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

மோயாற்றங்கரை எழுதியது:

தேதி, நேரம், இடம், வானிலை, எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது. இவை முதலில். பிறகு குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்தக் கரையில் குப்பை கொட்டியிருக்கிறார்கள், மீன்வலை போட்டிருந்ததா, யார் உடன் வந்தார் என்பதையும் எழுதுங்கள். காவலர் தம்பி சொன்னது நியாயம், வழிகாட்டியவர் பெயர் அவர் சம்மதத்தோடு கட்டாயம் இருக்க வேண்டும். இன்றைக்கு அற்பமாகத் தோன்றுவதையே முதலில் எழுதுங்கள். சாதாரணமாக இருந்த பாறுகளை அன்று நான் இன்னும் அதிகம் எழுதியிருக்கலாம் என்று இப்போது அதே ஆராய்ச்சி மாணவர்கள் ஏங்குகிறார்கள்.

பொதுக் குளத்தில் வாத்து வந்தால் இடத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஊர் மக்களுக்கும் பெருமை, குளத்துக்கும் காவல். கூடு, குகை, தேவாங்கு, ஆந்தை இவற்றுக்கு மாவட்டப் பெயருக்கு மேல் ஒன்றும் வேண்டாம். தேவாங்கை மருந்து, மாந்திரீகம் என்று பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்ச் சரணாலயம் வந்தது. அங்கேகூட இரவில் பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. இருட்டுக்கென்று அமைந்த கண் அது. உயிரினப் படங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளங்களில் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் சரியான இடத்தைத் தாமாகவே மறைத்துவிடுகிறார்கள். முகநூலில் அப்படி மறைக்க யாரும் இல்லை. அங்கே நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015 முதல் நடந்து வருகிறது. உங்கள் குளத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொறங்காட்டு மகள் எழுதியது:

மாட்டுப் பொங்கலன்று எங்கள் தோட்டத்தில் பட்டி கும்பிட்டு முடிந்ததும் கணக்கெடுப்புக்குக் கிளம்புவோம். பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். முந்தின நாளே குளத்தை முடித்துவிட்டு வந்துவிடுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள், எங்கள் அத்தை வீட்டில் தங்கிக்கொள்ளலாம். சிறுவாணி நண்பரும் வரலாம். 600 மி.மீ. லென்ஸ் வைத்திருந்தால் கொண்டு வாருங்கள், பூனைப்பருந்துக்கு அது தேவைப்படும்.